இரண்டு சிறு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நீங்களே கணக்குப் போட ஒரு முழு வழிகாட்டி

தூரக் கணிப்பான் தளங்களில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் ஒரு நொடியில் விடை வந்துவிடும். நார்வேயின் வடக்கே இருக்கும் பூடோ, டிரோம்சோ என்ற இரண்டு ஊர்களைக் கொடுத்துப் பாருங்கள். தூரம் சுமார் 326 கி.மீ. என்று வரும். மணிக்கு 800 கி.மீ. என்று ஒரே வேகத்தை வைத்து வகுக்கும் தளமாக இருந்தால், பறக்கும் நேரம் 24 நிமிடம் என்றும் சொல்லிவிடும். தூரம் சரி. நேரம் சுத்தமாகத் தப்பு. காற்றாடி சுழன்று இழுக்கும் சின்ன டர்போபிராப் விமானத்தில் போனால் ஒரு கேட்டிலிருந்து மறு கேட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

எட்டு மணி நேரப் பயணத்தில் இந்தத் தளங்கள் பெரிதாகச் சறுக்குவதில்லை. அங்கே விமானம் பெரும்பகுதி நேரம் உயரத்தில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். 300, 400 கி.மீ. பயணத்தில் கதை வேறு. ஏறுவதற்கும் இறங்குவதற்குமே பாதி நேரத்துக்கு மேல் போய்விடும். தரையில் ஊர்ந்து போகும் நிமிடங்கள் தனி. அதனால் சிறு நிலையங்களுக்கு இடையிலான நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கூட்டினால்தான் விடை உண்மைக்குப் பக்கத்தில் வரும். இந்த இரண்டு நார்வே ஊர்களையே கடைசி வரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தரைவழியில் இவற்றுக்கிடையே 500 கி.மீ.க்கு மேல் போக வேண்டும், நடுவில் போக்னெஸ் என்ற இடத்தில் காரோடு படகேற வேண்டும். பூடோவோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. டிரோம்சோவுக்கு ரயிலே கிடையாது. விமானக் கணக்கு உண்மையிலேயே தேவைப்படும் இடம்.

படி 1: எந்த நிலையம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், குறியீட்டை நம்புங்கள். டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இருப்பது ஐயாட்டா என்ற உலக விமான நிறுவனங்களின் அமைப்பு தரும் மூன்றெழுத்துக் குறியீடு. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பயன்படுத்துவது ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் நான்கெழுத்துக் குறியீடு. பர்மிங்காம் என்ற பெயரில் இங்கிலாந்திலும் நிலையம் உண்டு, அமெரிக்காவின் அலபாமாவிலும் உண்டு. சிட்னி என்று ஆஸ்திரேலியாவில் ஒன்று, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இன்னொன்று. ஆஸ்திரேலியா போக நினைத்துக் கனடாவின் சிட்னியில் போய் இறங்கிய பயணிகள் நிஜமாகவே இருக்கிறார்கள். குறியீட்டைப் பார்த்தால் இந்தக் குழப்பமே வராது.

குறியீட்டிலும் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. ஹாங்காங்கில் 1998-ல் காய் டாக் நிலையத்தை மூடிவிட்டு சேக் லாப் கோக்கில் புதியது திறந்தபோது, பழைய மூன்றெழுத்தே புதிய நிலையத்துக்கும் போய்விட்டது. பழைய தரவுத்தளம் ஒன்று கையில் இருந்தால் குறியீடு சரியாக இருக்கும், இடம் தப்பாக இருக்கும். நீண்ட பயணத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே படாது, 200 கி.மீ. பயணத்தில் உறுத்தும்.

அதேபோல, ஊரின் மையப்புள்ளியை எடுத்துக் கணக்குப் போடும் தளங்களும் உண்டு. நிலையம் ஊரிலிருந்து 30 கி.மீ. தள்ளி இருந்தால் அந்தப் பிழை அப்படியே விடையில் ஏறிவிடும்.

படி 2: ஆயத்தொலைவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு அதிகாரபூர்வ மேற்கோள் புள்ளி உண்டு. அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அந்தந்த நாட்டின் வான்வழித் தகவல் வெளியீட்டில் இருக்கும். எல்லாமே டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற ஒரே அளவை முறையில் இருப்பதால், இரண்டு வேறு நாட்டு நிலையங்களைக்கூடத் தயங்காமல் ஒப்பிடலாம். விக்கிப்பீடியா கட்டுரைகளிலும் வரைபடச் செயலிகளிலும் கிடைக்கும் எண்கள் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

பலரும் தடுக்கி விழும் இடம் எண்ணின் வடிவம். பூடோவின் அட்சரேகை 67°16′ என்று இருக்கும். அதை 67.16 என்று தட்டக் கூடாது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 16-ஐ 60-ஆல் வகுத்தால் 0.27. ஆக 67.27. இந்த ஒரு தப்பிலேயே ஏறத்தாழ 12 கி.மீ. போய்விடும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தாலும், கிரீன்விச்சுக்கு மேற்கே இருந்தாலும் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட மறக்காதீர்கள்.

நம் எடுத்துக்காட்டு எண்கள் இவை:

பூடோ: வடக்கு 67.27, கிழக்கு 14.37
டிரோம்சோ: வடக்கு 69.68, கிழக்கு 18.92

படி 3: நேர்த்தூரத்தைக் கணக்கிடுங்கள்

சில நூறு கி.மீ. தூரத்துக்குத் தாளும் பேனாவும் கோசைன் பொத்தான் உள்ள ஒரு கால்குலேட்டரும் இருந்தால் போதும். கடல் மைலில் போட்டால் வேலை சுலபம். அட்சரேகையில் ஒரு நிமிடம் நகர்ந்தால் ஏறக்குறைய ஒரு கடல் மைல். அந்த அளவிலிருந்து பிறந்ததுதான் இந்த அலகு. 1929-ல் மொனாக்கோவில் கூடிய சர்வதேச நீரளவை மாநாடு அதைச் சரியாக 1,852 மீட்டர் என்று நிர்ணயித்தது.

வடக்கு-தெற்கு வித்தியாசம்: 69.68-ல் 67.27 போனால் 2.41 டிகிரி. 60-ஆல் பெருக்கினால் 144.6 கடல் மைல்.

கிழக்கு-மேற்கு வித்தியாசம்: 18.92-ல் 14.37 போனால் 4.55 டிகிரி. இதையும் 60-ஆல் பெருக்கினால் 273 வரும். ஆனால் இங்கே நிறுத்தக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே வருகின்றன. அதனால் நடு அட்சரேகையின் கோசைனால் பெருக்க வேண்டும். நடு அட்சரேகை சுமார் 68.5 டிகிரி, அதன் கோசைன் 0.367. 273 × 0.367 = 100.2 கடல் மைல்.

இனி பித்தகோரஸ் பார்த்துக்கொள்வார். 144.6-ன் வர்க்கத்தையும் 100.2-ன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 175.9 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் 325.8 கி.மீ.

கோசைனை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுவோம்: விடை 309 கடல் மைல், அதாவது 572 கி.மீ. என்று வரும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர்களில் இந்த மறதி வெளியே தெரியாது, ஏனென்றால் அங்கே கோசைன் கிட்டத்தட்ட 1. வடக்கே போனால் மானம் போய்விடும்.

தூரம் ஆயிரம் கி.மீ.யைத் தாண்டினால், பூமியின் வளைவையும் கணக்கில் எடுக்கும் ஹேவர்சைன் முறைக்கு மாறிவிடுங்கள். விரிதாளில் ஒருமுறை எழுதி வைத்தால் போதும். அட்சரேகை வித்தியாசத்தின் பாதிக்கு சைன் எடுத்து வர்க்கப்படுத்துங்கள். தீர்க்கரேகை வித்தியாசத்தின் பாதிக்கும் அப்படியே செய்து, அதை இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களாலும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதற்குத் தலைகீழ் சைன் கண்டு, 2-ஆலும் பூமியின் சராசரி ஆரமான 6,371 கி.மீ.ஆலும் பெருக்கினால் தூரம் வந்துவிடும். விரிதாள்கள் கோணத்தை ரேடியனில்தான் எதிர்பார்க்கும். டிகிரியை அப்படியே கொடுத்தால் அபத்தமான விடை வரும். நம் இரண்டு ஊர்களுக்கு இந்த முறையிலும் 325.8 கி.மீ.தான். தாள் கணக்கு அவ்வளவு நல்ல கணக்கு.

பூமி முழு உருண்டை இல்லை என்று யாராவது ஆட்சேபிப்பார்கள். உண்மைதான், நடுக்கோட்டு ஆரத்துக்கும் துருவ ஆரத்துக்கும் 21 கி.மீ. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் உருண்டை என்று வைத்துக்கொள்வதால் வரும் பிழை அதிகபட்சம் அரை சதவீதம். 326 கி.மீ.யில் அது 2 கி.மீ.கூட இல்லை. அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பசிபிக் தீவுகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஃபிஜியின் நாடி நிலையம் கிழக்கு 177.4 டிகிரியில் இருக்கிறது, சமோவாவின் ஃபலியோலோ மேற்கு 172-ல். கண்ணை மூடிக்கொண்டு தாள் கணக்குப் போட்டால் வித்தியாசம் 349 டிகிரி என்று வந்து உலகத்தையே சுற்றிவிடும். 180 டிகிரி கோட்டைத் தாண்டும்போது 360-லிருந்து கழியுங்கள். உண்மை வித்தியாசம் 10.6 டிகிரிதான்.

படி 4: நேர்த்தூரத்தைப் பறக்கும் தூரமாக மாற்றுங்கள்

எந்த விமானமும் அந்த நேர்க்கோட்டில் பறப்பதில்லை. முதலில் ஓடுபாதை எந்தத் திசையோ அந்தத் திசையில்தான் கிளம்பியாக வேண்டும், அதுவும் காற்றை எதிர்கொண்டு. பூடோவின் ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு-மேற்காகக் கிடக்கிறது. போக வேண்டியதோ வடகிழக்கே. மேற்கிலிருந்து காற்றடித்தால் விமானம் கடலை நோக்கிக் கிளம்பி, பிறகு வளைந்து திரும்ப வேண்டும். டிரோம்சோ நிலையம் மலைகள் சூழ்ந்த தீவு ஒன்றில், ஏறக்குறைய வடக்கு-தெற்கான ஓடுபாதையோடு இருக்கிறது. நினைத்த பக்கத்திலிருந்தெல்லாம் அதில் இறங்க முடியாது. தெற்கேயிருந்து வரும் விமானம் வடக்கு முனையில் இறங்க வேண்டிய நாளில், நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும்.

எவ்வளவு கூட்டுவது? கைவசம் நல்ல ஒரு விதி இருக்கிறது. பயணத்தில் வெளியாகும் கார்பனை அளக்கும் ஐகாவோவின் கணிப்பான், நேர்த்தூரம் 550 கி.மீ.க்குக் குறைவாக இருந்தால் 50 கி.மீ.யும், 5,500 வரை 100 கி.மீ.யும், அதற்கு மேல் 125 கி.மீ.யும் கூட்டிக்கொள்கிறது. கார்பன் வெளியேற்றத்துக்கு விலை வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகக் கணக்கில் எல்லாப் பயணத்துக்கும் ஒரேயடியாக 95 கி.மீ. சேர்ப்பார்கள். சிறு நிலையங்களுக்கு முதல் விதிதான் பொருத்தம் என்பது என் எண்ணம். நெரிசல் இல்லாத வானில் 95 கி.மீ. ரொம்பவே அதிகம். 326-உடன் 50 சேர்த்தால் 376 கி.மீ., அதாவது 203 கடல் மைல். இதை நினைவில் வையுங்கள், இனிமேல் எல்லாக் கணக்கும் இதன் மேல்தான்.

இந்த விதி செல்லாத இடங்களும் உண்டு. மூடிய வான்வெளி அதில் முதலாவது. 2022-க்கு முன்பு மாஸ்கோவிலிருந்து, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நடுவே தனியாகக் கிடக்கும் ரஷ்யப் பகுதியான கலினின்கிராடுக்கு நேர்வழியில் சுமார் 2 மணி நேரத்தில் போய்விடலாம். ரஷ்ய விமானங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வான்வெளியை மூடிய பிறகு, வடக்கே போய் பின்லாந்து வளைகுடாவுக்கும் பால்டிக் கடலுக்கும் மேலாகச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதல். இப்படி ஏதாவது அரசியல் சிக்கல் நடுவில் இருக்கிறதா என்பதை வரைபடத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது. விமானத் தடங்களைக் காட்டும் தளத்தில் நேற்றைய தடத்தைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

மறுமுனையில் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குப் போகும் விமானம். உலகின் மிகக் குறுகிய அட்டவணைப் பயணம், 2.7 கி.மீ.தான். அட்டவணையில் 2 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். சாதகமான காற்றில் 53 வினாடியில் முடிந்ததும் உண்டு. அங்கே போய் 50 கி.மீ. கூட்டினால் சிரிப்பார்கள்.

படி 5: என்ன விமானம் என்று பாருங்கள்

முன்பதிவுப் பக்கத்தில் சின்ன எழுத்தில் விமான வகை இருக்கும். பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. நேரக் கணக்கில் தூரத்துக்கு அடுத்தபடி இதுதான் முக்கியம். உயரத்தில் சீராகப் பறக்கும் வேகம், தோராயமாக:

ஏ.டி.ஆர். 72: 275 நாட், அதாவது மணிக்கு 510 கி.மீ.
டேஷ் 8-ன் சிறிய வகைகள்: 270 நாட், மணிக்கு 500 கி.மீ.
டேஷ் 8 கியூ400: 360 நாட், மணிக்கு 667 கி.மீ.
ஏர்பஸ் ஏ320, போயிங் 737: 450 நாட், மணிக்கு 830 கி.மீ.

நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். ட்வின் ஆட்டர் போன்ற 19 இருக்கை விமானங்கள் இவற்றைவிட மெதுவானவை, 150 முதல் 180 நாட்டுக்குள். சிறு நிலையங்களின் ஓடுபாதை குட்டையாக இருந்தால் பெரிய ஜெட் இறங்கவே முடியாது என்பதால், விமான வகையைப் பல சமயம் ஓடுபாதையே முடிவு செய்துவிடுகிறது. நார்வே கடலோரத்தில் 800 மீட்டர் ஓடுபாதை உள்ள நிலையங்கள் பல இருக்கின்றன. அங்கெல்லாம் சிறிய டேஷ் 8 போன்றவைதான் ஓடுகின்றன.

படி 6: ஏறுவது, பறப்பது, இறங்குவது — மூன்றாகப் பிரியுங்கள்

வேலையின் மையமே இந்தப் படிதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஏறும்போது விமானம் முழு வேகத்தில் போகாது. எஞ்சினின் பலம் உயரம் பிடிப்பதில் செலவாகிறது. அதற்கு மேல், பெரும்பாலான நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட்டைத் தாண்டக் கூடாது என்ற வேகக் கட்டுப்பாடும் உண்டு. சிறிய டேஷ் 8 ஒன்று 20,000 அடிக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1,300 அடி என்றால் 15 நிமிடம். சராசரி 200 நாட்டில் போனால் அதற்குள் 50 கடல் மைல் கடந்திருக்கும்.

இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு: ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 3 கடல் மைல். ஏறக்குறைய 3 டிகிரி சரிவு. 20,000 அடி என்றால் 60 கடல் மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். கடைசிப் பகுதியில் சக்கரமும் சிறகு மடிப்பும் விரிந்து வேகம் குறைந்துகொண்டே வரும். மொத்தச் சராசரி 225 நாட் என்று வைத்தால் 16 நிமிடம்.

பறக்கும் தூரமான 203-ல், ஏறவும் இறங்கவும் ஆன 110 (50 + 60) போனால் மிச்சம் 93 கடல் மைல். 270 நாட்டில் 21 நிமிடம்.

15, 21, 16. மொத்தம் 52 நிமிடம் காற்றில். சீராகப் பறக்கும் நேரம் வெறும் 21 நிமிடம் என்பதைக் கவனியுங்கள். விமானம் தன் 'வேகத்தில்' போவது பாதி நேரம்கூட இல்லை.

இதே தூரத்துக்கு போயிங் 737 போட்டால்? 27,000 அடிக்கு ஏற 11 நிமிடம், 60 கடல் மைல். இறங்க 81 கடல் மைல், 17 நிமிடம். நடுவில் மிஞ்சுவது 62 கடல் மைல். இவ்வளவு குறுகிய பயணத்தில் முழு வேகம் பிடிக்க மாட்டார்கள் என்பதால் 440 நாட் என்று வைத்தாலும் 9 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மொத்தம் 37 நிமிடம். வேகம் 1.6 மடங்கு, மிச்சமானது கால் மணி நேரம். குறுகிய வழித்தடங்களில் விமான நிறுவனங்கள் இன்னும் டர்போபிராப்பைக் கைவிடாததற்கு எரிபொருள் ஒரு காரணம் என்றால், ஜெட்டால் பெரிதாக நேரம் மிச்சமாகாது என்பது இன்னொரு காரணம்.

இவ்வளவு பிரித்துப் போட நேரமில்லையா? குறுக்கு வழி: பறக்கும் தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்து, டர்போபிராப்புக்கு 6 நிமிடம், ஜெட்டுக்கு 10 நிமிடம் கூட்டுங்கள். 203 ÷ 270 என்பது 45 நிமிடம். 6 சேர்த்தால் 51. நீண்ட வழிக் கணக்குக்கு ஒரு நிமிடம்தான் வித்தியாசம்.

படி 7: காற்றைச் சேருங்கள்

நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2020 பிப்ரவரியில், சியாரா புயல் நேரத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. எல்லாம் பின்காற்றின் உபயம். சிறு பயணங்களில் இவ்வளவு நாடகம் கிடையாது. தாழ்வாகப் பறப்பதால் காற்றும் மிதம். ஆனாலும் மெதுவான விமானத்துக்குக் காற்று ஒரு பொருட்டுத்தான்.

காற்று நேராகப் பின்னாலிருந்தோ முன்னாலிருந்தோ வருவது அபூர்வம். பக்கவாட்டில் வரும்போது எவ்வளவு பங்கு உதவும் என்பதற்கும் கோசைன்தான். பூடோவிலிருந்து டிரோம்சோவின் திசை வடக்கிலிருந்து கிழக்காகச் சுமார் 35 டிகிரி. மேற்கிலிருந்து 50 நாட் காற்றடித்தால் அது போகும் திசை 90 டிகிரி. வித்தியாசம் 55, கோசைன் 0.57. ஆக பின்காற்று சுமார் 29 நாட். 30 என்றே வைத்துக்கொள்வோம்.

காற்றில்லாத நாளில் 52 நிமிடத்தில் 203 கடல் மைல் என்றால் சராசரி 234 நாட். பின்காற்றோடு 264, நேரம் 46 நிமிடம். திரும்பி வரும்போது அதே காற்று எதிரே. 204 நாட், 60 நிமிடம். போகும்போது 6 நிமிடம் லாபம், வரும்போது 8 நிமிடம் நஷ்டம். ஒரே காற்று இரு வழியும் அடித்தால் போக வர மொத்தக் கணக்கில் எப்போதும் நஷ்டம்தான், ஏனென்றால் எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம்.

படி 8: தரை நிமிடங்களைக் கூட்டுங்கள்

டிக்கெட்டில் அச்சாகியிருப்பது பறக்கும் நேரம் இல்லை. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து விமானம் நகர்ந்த நொடியிலிருந்து, மறு ஊரில் கேட்டில் நின்று கட்டை வைக்கும் வரை உள்ள நேரம். பிளாக் நேரம் என்பார்கள்.

சிறு நிலையங்களின் நல்ல குணம் இங்கேதான் தெரியும். கேட்டிலிருந்து ஓடுபாதைக்கு ஐந்து நிமிடம், இறங்கியபின் மூன்று நிமிடம் போதும். நம் கணக்கு 52 + 8 = 60 நிமிடம். பெரிய நிலையம் ஒரு பக்கம் இருந்தாலே இது மாறிவிடும். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோலில் போல்டர்பான் என்ற ஓடுபாதை முனையத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கிறது, இறங்கிய பிறகு கால் மணி நேரம் ஊர்ந்துகொண்டிருக்க வேண்டியிருக்கும். பெரிய நிலையம் என்றால் அந்தப் பக்கத்துக்கு 15 நிமிடம் போட்டுவிடுங்கள்.

குளிர்நாடுகளில் இறக்கையில் படிந்த பனியை மருந்து தெளித்து நீக்காமல் கிளப்ப மாட்டார்கள். அதற்குத் தனியாகப் பத்து நிமிடமாவது. அப்புறம், அட்டவணை போடும்போது நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாக நேரம் வைத்துக்கொள்வதும் வழக்கம். 'முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டோம்' என்று அறிவிப்பு வரும்போது விமானம் வேகமாக வந்தது என்று அர்த்தமில்லை.

படி 9: கடிகாரத்தைச் சரிபாருங்கள்

புறப்பாடும் வருகையும் எப்போதும் அந்தந்த ஊர் நேரத்தில்தான் அச்சாகும். டெல்லியிலிருந்து காத்மாண்டு போகிறீர்களா, நேபாள நேரம் 15 நிமிடம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் கழித்துப் பார்த்தால் போகும்போது 15 நிமிடம் கூடவும் வரும்போது குறையவும் தெரியும்.

இதில் வேடிக்கையான இடம் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நிலையம். அதன் ஓடுபாதை குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையைத் தாண்டிக் கிடக்கிறது. கோடையில் நியூ சவுத் வேல்ஸ் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தும், குயின்ஸ்லாந்து நகர்த்தாது. ஓடுபாதையின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். நிலையம் குயின்ஸ்லாந்து நேரத்தில் இயங்குகிறது; எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கியிருப்பவர்கள் கைபேசி காட்டும் நேரத்தை நம்பாமல் கிளம்புவது நல்லது.

குழப்பம் வந்தால் இரண்டு நேரத்தையும் உலகப் பொது நேரமான யு.டி.சி.க்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். விமானிகளும் அதைத்தான் செய்கிறார்கள்.

படி 10: நடுவில் நிற்கிறதா?

ஒரே விமான எண், ஒரே டிக்கெட், ஆனால் நடுவில் இரண்டு ஊர்களில் இறங்கி ஏறும். கடலோர, தீவு வழித்தடங்களில் இது சகஜம். ஹொனலூலுவிலிருந்து குவாமுக்கு நேராகப் பறந்தால் சுமார் 8 மணி நேரம். யுனைடெட் விமான நிறுவனத்தின் 'ஐலண்ட் ஹாப்பர்' விமானம் மஜூரோ, குவாஜலீன், கோஸ்ரே, போன்பே, சூக் என்று ஐந்து தீவுகளில் நின்று போக 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சின்ன டர்போபிராப்புக்கு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும், இறங்கி ஏறுவதோடு சேர்த்து, 30 முதல் 40 நிமிடம் கூட்டுங்கள். முன்பதிவுப் பக்கத்தில் 'நிறுத்தங்கள்' என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். விமான எண் ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

படி 11: போட்ட கணக்கை நிஜத்தோடு உரசிப் பாருங்கள்

ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற தளங்களில் விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த சில நாட்களின் உண்மை நேரங்கள் கிடைக்கும். ஒரு நாளை மட்டும் பார்க்காமல் ஒரு வாரத்தைப் பாருங்கள். சராசரி எடுக்காதீர்கள், பனியில் இரண்டு மணி நேரம் தாமதமான ஒரே ஒரு நாள் சராசரியைக் கெடுத்துவிடும். நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். தளம் காட்டுவது தரையை விட்டு எழுந்த நேரமா, கேட்டை விட்டு நகர்ந்த நேரமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது என்றால் படி 6, 7-ன் விடையோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவது என்றால் படி 8-ன் விடையோடு.

உங்கள் விடைக்கும் உண்மைக்கும் ஐந்தாறு நிமிடம் வித்தியாசம் என்றால் கணக்கு சரிதான். 15 நிமிடத்துக்கு மேல் போனால் எங்கோ ஒன்று தவறியிருக்கிறது. விமான வகை தப்பாக இருக்கலாம், மலையோ மூடிய வான்வெளியோ சுற்ற வைத்திருக்கலாம், நிறுத்தம் ஒன்று கண்ணில் படாமல் போயிருக்கலாம். இந்த வரிசையில் தேடினால் சீக்கிரம் அகப்படும்.

இணைப்பு விமானம் பிடிக்க வேண்டும் என்றால் நடு எண்ணை விட்டுவிட்டு அந்த வாரத்திலேயே மோசமான நாளின் எண்ணை எடுங்கள். கூடவே, விமான நேரம் மொத்தப் பயணத்தில் எவ்வளவு பங்கு என்றும் பாருங்கள். நேபாளத்தின் லுக்லாவுக்குக் காத்மாண்டுவிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ராமேசாப் மாவட்டத்தின் மந்தலி நிலையத்திலிருந்து அதில் ஏறக்குறைய பாதி. கூட்டம் அதிகமான மாதங்களில் விமானங்களை மந்தலிக்கு மாற்றிவிடுவார்கள். காத்மாண்டுவிலிருந்து மந்தலிக்கு மலைச்சாலையில் நாலைந்து மணி நேரம். பிற்பகலில் லுக்லாவில் காற்று வலுத்துவிடும் என்பதால் விமானமெல்லாம் காலையில்தான். ஆகவே காத்மாண்டுவில் நள்ளிரவு தாண்டியதும் வண்டியேற வேண்டும்.